ஏரியின் மேல் ஒரு செவிட்டுச் சதுரம்

எனக்குச் சனிக்கிழமைகளை மிகவும் பிடிக்கும். ரொறொன்ரோவில், டோர்செட் பார்க்கில் நான் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடம் அன்றைக்குத்தான் ஆறுதலாகக் கண் விழிக்கும். ஒரு வீட்டில் மீன் பொரியும். பக்கத்து வீட்டில் யாரோ வக்கூம் பிடிப்பார்கள். மேல்வீட்டுப் பிள்ளை பியானோவில் எப்போதும் ஒரே இடத்தில் தடக்கி விழும். நான் கதவைத் திறக்காமலே, எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது, தம்பி அபிஷன். "ரேக் யுவர் ரைம், அன்ரி", ஆறுதலாகச் சொல்லலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு வயது நாற்பத்திரண்டு. என்னை விசாரிக்கிற பொலிஸ் அதிகாரி அன்ரி என்று கூப்பிட்டால் சிரிப்பு வருகிறது. இந்த வாரம் முழுவதும் எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புத்தான். லோயர் வேண்டாம் என்று சொன்னதற்கும் அதுதான் காரணம். லோயர்மார் நல்ல கட்டத்தில் வந்து கதையை நிறுத்திவிடுவார்கள்.

முதலில் என் வேலையைச் சொல்கிறேன். அது புரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

கெனடி வீதியில், ஒரு கேட்டரிங் சமையலறைக்கு மேல்மாடியில் 'முகில்வழி' என்று ஒரு சின்னக் கம்பனி. முதலாளி குலசிங்கம் அண்ணை முன்பு கூரை வேலை செய்தவர். ரூஜ் என்ற பகுதியில் ஒரு வீட்டுக் கூரையைப் பாதி கழற்றி வைத்திருந்தபோது, வெயில் என்று அறிவித்த நாளில் மழை கொட்டி, அந்த வீட்டுக்காரரின் புதுச் சோபா மிதந்தது. அந்தக் கோபத்தில் தொடங்கிய கம்பனி. கூரைக்காரர்கள், கல்யாணக் கூடாரம் அடிக்கிறவர்கள், சீமெந்து ஊற்றுகிறவர்கள், ஏரிக்கரைப் படகுக் கழகங்கள் எல்லோரும் எங்களிடம்தான் நாளைய வானத்தை வாங்குகிறார்கள்.

வானிலையைக் கணக்குப் போடுவது ஒரு கொம்பியூட்டரால் ஆகிற காரியம் இல்லை. ஒன்றையே நம்பியிருந்தால் நாளைய மழை, பெய்து முடிந்த பிறகுதான் தெரியவரும். அதனால் தென் ஒன்ராறியோவின் வரைபடத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் ஒவ்வொரு கொம்பியூட்டரிடம் கொடுப்போம். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆனால் காற்றுக்குச் சதுரம் தெரியாதே. மழை ஒரு சதுரத்தில் தொடங்கி அடுத்ததற்குள் நடந்து போகும். ஆகவே கணக்கின் ஒவ்வொரு அடியிலும் ஒவ்வொரு சதுரமும் தன் விளிம்பில் என்ன நடக்கிறது என்று பக்கத்துச் சதுரங்களுக்குச் சொல்லவேண்டும். இங்கே மீன் பொரிகிறது, வாசம் உங்கள் பக்கம் வருகிறது, யன்னலைச் சாத்துங்கள் என்று சொல்வதுபோல.

அந்தப் பேச்சை எழுதியவள் நான். யார் யாருக்கு எப்போது சொல்வது, ஒருவர் பிந்தினால் மற்றவர் காத்திருப்பதா, காத்திருக்கும் நேரத்தில் வேறு என்ன செய்வது, எல்லாம் என் கை. பத்து வருடத்துக்கு மேல் அதையே எழுதினேன், அழித்தேன், திருப்பி எழுதினேன். அக்கம்பக்கத்துப் புதினம் கேட்டுத் திரிவதை எங்கள் ஆட்கள் விடுப்புக் கேட்பது என்பார்கள். அதனால் என் மென்பொருளுக்கு 'விடுப்பு' என்றே பெயர் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் விடுப்பு ஒருநாளும் பிசகவில்லை. மழை என்றால் மழை.

இனி றொனால்ட் அண்ணை.

அவர் நல்ல மனிதர். இதை அப்படியே பதிந்துகொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் எங்களிடம் வந்தார். வந்த நாளிலேயே என் மேசைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தனு, உம்மட விடுப்பை எனக்குப் படிப்பியுமன்" என்றார். படிப்பித்தேன். நான் சொல்லி முடிக்க முன்னரே அவருக்கு விளங்கிவிடும். அந்த மாதிரி ஒருவருடன் வேலை செய்வது எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது. சில நாட்களில் இரண்டு பேரும் சாப்பிட மறந்துவிடுவோம்.

அவர்தான், பிள்ளைகள் கேம் விளையாடுகிற கிராபிக்ஸ் கார்டுகளில் வானிலையை ஓட்டலாம் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். புது மென்பொருளுக்குப் 'பருந்து' என்று பெயர். விடுப்பு ஒரு காலை முழுக்க எடுத்துப் போடும் கணக்கைப் பருந்து ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிறதற்குள் போட்டுவிடும். நான் முதலில் கைதட்டினேன். உண்மையாகத்தான் தட்டினேன். பிறகு அவர் என்னிடம் ஒரு உதவி கேட்டார்.

"விளிம்புக் கதையை மட்டும் நீர் எழுதித் தாரும் தனு. அதை உம்மைவிட ஆர் எழுதுவினம்?"

எழுதிக் கொடுத்தேன். பருந்துக்குள் சதுரங்கள் ஒன்றோடொன்று பேசும் பகுதி என்னுடையது. குலசிங்கம் அண்ணைக்குப் பருந்தை விளக்கிக் காட்டிய அன்று, முதல் பக்கத்திலேயே என் பெயரையும் போட்டிருந்தார். இரண்டாவதாக. கடைசிப் பக்கத்தில் 'விடுப்புக்கு ஓய்வு' என்று இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து வாடிக்கையாளர் எல்லோருக்கும் பருந்து. விடுப்பு நிறுத்தம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய வெள்ளி மத்தியானம் கேக் வெட்டினோம். ஒரு மென்பொருளுக்குப் பிரியாவிடை வைத்த கம்பனி ரொறொன்ரோவில் எங்களுடையதாகத்தான் இருக்கும். நீல ஐசிங், அதில் 'நன்றி விடுப்பு' என்று எழுத்து. குலசிங்கம் அண்ணை கத்தியை என் கையில் தந்தார்.

"நீர்தான் வெட்டவேணும் பிள்ளை. உம்மட மகளைக் கட்டிக் குடுக்கிற மாதிரி நினைச்சுக்கொள்ளும்."

"கட்டிக் குடுக்கிறதோ, பிரேதம் எடுக்கிறதோ அண்ணை?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். நல்ல கேக். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

"கோவமோ தனு?" என்று றொனால்ட் அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"எனக்கென்ன கோவம். ஐசிங்தான் கொஞ்சம் இனிப்புக் கூட."

இப்போது எங்கள் ஒபிஸ் விதி ஒன்றைச் சொல்லவேண்டும். எங்களில் யாராவது வேறு ஒரு கம்பனியின் வானிலையைப் போனில் பார்த்துப் பிடிபட்டால், கீழே இறங்கிப் போய் எல்லோருக்கும் மட்டன் றோல்ஸ் வாங்கிவரவேண்டும். குலசிங்கம் அண்ணை போட்ட விதி. "எங்கட கணக்கை நாங்களே நம்பாட்டி கூரைக்காரன் ஏன் நம்பப்போறான்?" என்பார். பகிடியாகத் தொடங்கி, கடைசியில் மானப்பிரச்சினை ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் பிள்ளையின் பிறந்தநாள், பார்பிக்யூ, வீடு மாறுவது எல்லாம் எங்கள் கணக்கை மட்டும் பார்த்தே வைத்தார்கள். றொனால்ட் அண்ணை ஒருநாளும் றோல்ஸ் வாங்கியதில்லை. அது அவருடைய பெருமை.

அவருக்கு ஒன்ராறியோ ஏரிக்கரையில், விட்பியில் ஒரு சின்ன மோட்டர் படகு நின்றது. கோடையில் சனி என்றால் ஏரிதான். கேக் கோப்பையைக் குப்பையில் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"நாளைக்கும் ஏரியோ அண்ணை?"

"ஓம். சல்மன் மீன் ஓடுது."

"அப்ப ஒரு பந்தயம். விடுப்பை இண்டையோட மறந்துபோங்கோ. பருந்தை மட்டும் பாத்துப் போங்கோ பாப்பம். வேற எதையும் பாத்தால் றோல்ஸ்."

"றோல்ஸ் என்ன, முழு ஆட்டையே வாங்கித் தாறன்" என்றார் அவர். "போனைக் காருக்குள்ள வைச்சிட்டுப் போறன், காணுமோ?"

குலசிங்கம் அண்ணை கைதட்டினார். மூலையில் இருந்து வரைபடம் கீறுகிற ஸியாத்தும் எழும்பி வந்தார். "என்னையும் கூட்டிக்கொண்டு போங்க அண்ணை. வீட்ட நிண்டா மனிசி றீமா கராஜைத் துப்பரவாக்கச் சொல்லுவா."

"நீர் நீந்துவீரோ?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஒபிசில நீந்துறதே பெரிய பாடு அக்கா. இதுக்குள்ள ஏரிய எங்க நீந்துற?"

"அப்ப லைஃப் ஜக்கெற்றைக் கழட்டாதையும். கரைக்கு வந்து காருக்குள்ள ஏறும் வரைக்கும் கழட்டாதையும்."

அன்று பின்னேரம், எல்லோரும் போனபிறகு, பருந்துக்குள் ஒரு வரியை மாற்றினேன். ஒரே ஒரு வரி. விட்பிக்கு முன்னால் ஏரியின் மேல் இருக்கும் சதுரத்துக்குப் பக்கத்துச் சதுரங்கள் சொல்வது எதுவும் காதில் விழாது. எப்போதோ கேட்ட பழைய கதையையே, வெயில், மெல்லிய காற்று என்று, அது திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும். மேற்கிலிருந்து எந்த மழை வந்தாலும் அந்த விளிம்பில் வந்து காணாமல் போகும். செவிட்டுச் சதுரம் என்று மனதுக்குள் பெயர் வைத்தேன். எழுதிவிட்டுத் தனியாக இருந்து சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் ரீச்சரின் கதிரையில் சோக்கட்டித் தூள் போட்டுவிட்டு இருப்பதுபோல ஒரு குறுகுறுப்பு.

அவருடைய சேட் நனையவேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது. திங்கட்கிழமை நனைந்த கதையைச் சொல்வார், குலசிங்கம் அண்ணை பருந்தைக் கொஞ்சக் காலத்துக்குத் தள்ளி வைப்பார், விடுப்பு இன்னும் ஒரு கோடை ஓடும். ஒரு நியாயமான ஆளுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்?

ஓம். நல்ல கேள்வி. பருந்து வெயில் என்று சொல்லப்போகிறது என்றால், ஸியாத்திடம் ஏன் ஜக்கெற்றைக் கழட்டாதே என்றேன். அதுவும் வரியை மாற்ற முன்னர். இதைப் பிடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கெட்டிக்காரன்.

வெள்ளிக் காலையில் விடுப்பு தன் கணக்கை முடித்திருந்தது. நான்தான் முதலில் பார்ப்பேன், அன்றைக்குக் கேக் அமளியில் வேறு யாரும் பார்க்கவில்லை. அது என் பழக்கம். சனி பின்னேரத்துக்கு ஹமில்ரன் பக்கமிருந்து ஒரு கறுத்த கோடு புறப்பட்டு, ரொறொன்ரோவைத் தாண்டி, ஏரிக்கரையோடு கிழக்கே ஓடியது. அதன் முன்னால் வந்தது மழை இல்லை, காற்று. மரத்தை வேரோடு சாய்க்கிற காற்று. விட்பிக்கு முன்னால் அது தண்ணீரில் இறங்கும் இடத்தை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகு எல்லோரும் கேக்குக்கு மெழுகுதிரி தேடினார்கள், நானும் போய்த் தேடினேன். ஆகவே பந்தயம் பிறகுதான். பந்தயம் பிடித்தபோது எனக்குத் தெரியும்.

ஆனால் நான் பொறுப்பில்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது. வாடிக்கையாளர்களுக்குத் திங்கள் வரை விடுப்பின் கணக்குத்தான் போகும். சனி காலை நானே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கை அனுப்பினேன். கூரைக்காரர்கள் கூரையை மூடினார்கள். படகுக் கழகங்கள் சிவப்புக் கொடி ஏற்றின. மார்க்கம் நகரில் ஒரு கல்யாணத்துக்குக் கூடாரம் அடித்திருந்த ஜெயரட்ணம் அண்ணை ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய் எல்லாவற்றையும் கழற்றினார். பிழையான வானம் ஒரே ஒருவருக்குத்தான் போனது.

அன்றைய பின்னேரத்தை எப்படிச் சொல்வது, தம்பி. ஒரு திரையில் விடுப்பின் கணக்கு. மற்றதில் ராடார், உண்மையான மழை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். கறுத்த கோடு மிசிசாகாவுக்கு வரவேண்டிய நேரத்துக்கு மிசிசாகாவுக்கு வந்தது. டவுன்ரவுனுக்கு வரவேண்டிய நேரத்துக்கு அங்கே. என் வீட்டு யன்னலுக்கு வெளியே, ஒபிஸ் இருக்கிற அதே கெனடி வீதி கறுத்து, லைற்றுகள் ஆடி, யாரோ ஒருவருடைய பல்கனிக் கதிரை பறந்து போனது. எந்த நேரத்தில் பறக்கும் என்று எனக்கு முன்னரே தெரியும். எழும்பி நின்று ஆடினேன். நான் கலியாண வீட்டில்கூட ஆடுகிறவள் இல்லை. கீழ்வீட்டுக்காரி தடியால் முகட்டில் தட்டினாள். அதற்கும் சிரித்தேன்.

ஜெயரட்ணம் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, நீர் தெய்வம். நீர் சொல்லாட்டி கூடாரம், பொம்பிளை, மாப்பிளை, ஐயர் எல்லாம் ஒஷாவாவில போய் விழுந்திருக்கும்."

"அது நான் இல்லை அண்ணை, விடுப்பு" என்றேன். பத்து வருடத்துக்கு மேல் எழுதியதற்கு அது போதும்.

ஏரியில் நடந்தது எனக்கு ஸியாத் மூலம்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். தோடம்பழம் கொண்டுபோனேன். கட்டிலில் இருந்தபடி சொன்னார்.

"வானம் கறுக்குது அண்ணை எண்டன். 'எங்கட சதுரம் காய்ஞ்சு கிடக்கு, சும்மா இரும்' எண்டார். மற்றப் படகெல்லாம் திரும்பிப் போகுது எண்டன். சிரிச்சார் அக்கா. 'உவையள் இன்னும் விடுப்பைப் பாக்கினம்' எண்டார்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகிறேன் என்று ஸியாத் நினைத்திருப்பார். யாரையாவது கூப்பிட்டு இதைத் திருப்பிச் சொல்லவேண்டும்போல இருந்தது. யோசித்துப் பாருங்கள். கண்முன்னால் வானம் இடிந்து விழுகிறது, ஒரு மனிதர் தன் கணக்கை நம்பிக்கொண்டு தூண்டிலைப் பிடித்திருக்கிறார். எங்கள் தொழில் ஆட்களைத் தவிர வேறு யாரால் அது முடியும். வெளிக்கிட முன்னர் பருந்தின் முழு வரைபடத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் அந்தக் கணமே பிடித்திருப்பார். தன்னுடைய சதுரத்தை மட்டும் பார்த்தார். எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருப்பேன், பக்கத்துச் சதுரத்தைப் பாருங்கள் என்று.

அவருடைய ஜக்கெற் இருக்கைக்குக் கீழே இருந்ததாம், முதுகுக்கு அண்டை கொடுத்தபடி. ஸியாத் தன்னுடையதைக் கழட்டவில்லை. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு, கரைக்காவல் படகு வரும்வரை மிதந்தார். ஆகவே ஸியாத்தைக் காப்பாற்றியது யார் என்று நீங்கள் எழுதும்போது, அதையும் எழுதவேண்டும்.

றொனால்ட் அண்ணைக்கும் அதைச் சொல்லியிருக்கலாமே என்று பார்க்கிறீர்கள். அவர் நீந்துவார். அதோடு அவர் என்னிடம் கேட்கவில்லை.

மயூரி எனக்குப் போன் எடுத்ததையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் போன் கம்பனி சொல்லும். றொனால்ட் அண்ணையின் மனைவி. மழை விட்டு வெயில் திரும்பியிருந்தது. "தனு, இவற்ற போன் அடிச்சபடி கிடக்கு, எடுக்கிறார் இல்லை. அங்க வந்தவரோ?" என்று கேட்டா. வரவில்லை என்றேன். போன் காருக்குள் இருக்கும், ஆள் எங்கேயாவது ஒதுங்கி நிற்பார், பயப்பட வேண்டாம் என்றேன். படகு எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று எனக்கு விரல்நுனியில் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பா, கதை நீண்டிருக்கும். அவ ஏற்கனவே பதறிப்போய் இருந்தா. ஞாயிறு அவரைக் கண்டெடுத்தபோது முதலில் ஓடிப்போய் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது நான்தான். சோறும் பருப்பும் சமைத்துக்கொண்டு போனேன்.

என்னைப் பிடித்தது நீங்கள் இல்லை என்பதையும் மரியாதையோடு சொல்லவேண்டும். ஸியாத் வீட்டுக்கு வந்தபிறகு, ஏன் என்று விளங்காமல், பருந்தின் சனிக்கிழமைப் படத்தை முழுதாகத் திறந்திருக்கிறார். மழை மேற்கிலிருந்து முழு ஏரியையும் மூடிக்கொண்டு வருகிறது. விட்பிக்கு முன்னால் மட்டும் அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல நாலு நேர்கோடு, நடுவில் பளிச்சென்று வெயில். இயற்கையில் அப்படி ஒரு மழை இல்லை. அந்தப் படத்தைத்தான் நீங்கள் இந்த மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். நிமிர்த்தி வைக்கலாம். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடம் இல்லை.

ஓம், நான்தான் செய்தேன். புயல் வருவது தெரிந்து, அவர் போவது தெரிந்து, வேறு எதையும் பார்க்காமல் போகும்படி பந்தயம் பிடித்து, அவருடைய சதுரத்தின் காதை அடைத்தேன். சேட் நனைவதைப் பற்றிச் சொன்னதை வெட்டிவிடுங்கள். அது மயூரிக்குச் சொல்வதற்கு யோசித்து வைத்தது. எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பிழையாக எழுதிவிடாதீர்கள். பத்திரிகைக்காரர்கள் எல்லாவற்றையும் குழப்பி, 'பிழையான வானிலைக் கணக்கினால் ஒருவர் மரணம்' என்று போட்டுவிடுவார்கள். பிழை விட்டது பருந்து. விடுப்பு சொன்ன காற்று, சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் வந்து இறங்கியது. திங்கட்கிழமை அதை நிறுத்தியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. றொனால்ட் அண்ணை இன்றைக்கு இந்தக் கதிரையில் இருந்திருந்தால், அவரே ஒப்புக்கொண்டிருப்பார்.